சர்க்கரை அளவோடு பேச்சுத்துணையையும் கேட்டு எழுதுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலர் அவர்களுக்கும், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

ஈரோடு மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணிசெய்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி கர்ப்பிணிகள் பதிவு, தடுப்பூசி, பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு என்று தாய்சேய் நலத்திலேயே கழிந்தது. கடைசி ஆண்டுகளில் தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகளின் பட்டியல் ஊருக்கு ஊர் சுருங்கிக்கொண்டு வர, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க வேண்டிய பெரியவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு, 2031இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது ஒன்றிய அரசு அமைத்த மக்கள்தொகைக் கணிப்புக் குழுவின் மதிப்பீடு. குடும்பக் கட்டுப்பாட்டை வீடு வீடாகச் சொல்லி வெற்றி கண்ட துறை நம்முடையது. ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட அந்தத் தாய்மார்களுக்கு இன்று எழுபது வயது. பிள்ளைகள் திருப்பூரிலோ, சென்னையிலோ, கடல் கடந்தோ இருக்கிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. மாத்திரைக்காகப் பஸ் ஏறி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால்கடுக்க நின்று, சீட்டு எடுக்க மறந்து திரும்பி வந்த எத்தனையோ பேரைப் பார்த்தவளுக்கு, இரத்த அழுத்தக் கருவியோடும் மாத்திரைப் பையோடும் ஒரு பெண் வாசலுக்கே வருவாள் என்பது சாதாரணச் செய்தியாக இருக்க முடியாது. 2024இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. அதைக் குறை சொல்வது இம்மடலின் நோக்கமன்று. அந்தப் பெண் வாசலுக்கு வந்துவிட்டதால்தான் இதைக் கேட்கவே முடிகிறது.

கேட்பது இதுதான். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ஒரு பெரியவரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பதிவுசெய்யும்போது, அவருக்குப் பேச ஆள் இருக்கிறதா என்பதையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்; இல்லை என்று பதில் வந்தால், அதைக் குடும்ப விவகாரம் என்று விட்டுவிடாமல், 180ஐத் தாண்டிய இரத்த அழுத்தத்துக்கு என்ன செய்வோமோ அதே அக்கறையோடு துறை அடுத்த படியை எடுக்க வேண்டும்.

தனிமை மனம் சார்ந்தது, அதைச் சமூகநலத் துறை பார்த்துக்கொள்ளும், நமக்கு ஊசியும் மாத்திரையும் போதும் என்ற எண்ணம் துறைக்குள் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் அப்படி நினைத்ததில் பிழையில்லை. 2010இல் ஜூலியன் ஹோல்ட்-லுன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடனாளர்களும் 148 ஆய்வுகளில் இடம்பெற்ற மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நல்ல உறவுப் பிணைப்பு உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலராக இருந்த விவேக் மூர்த்தி 2023இல் வெளியிட்ட அறிவுரையில், உறவும் பழக்கமும் அற்ற நிலை இதய நோய் வரும் அபாயத்தை 29 விழுக்காடும் பக்கவாத அபாயத்தை 32 விழுக்காடும் கூட்டுகிறது என்ற கணக்கு இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் அமைத்த சமூகப் பிணைப்புக்கான ஆணையம் 2025 ஜூன் 30 அன்று தன் அறிக்கையைத் தந்தது: உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார், அதனோடு தொடர்புள்ள இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000க்கும் மேல். இந்தச் சுமை இளையோரிடமும் ஏழை நாடுகளிலும்தான் அதிகம் என்றும் அவ்வறிக்கை சொல்கிறது. மில் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியும், வடமாநிலங்களிலிருந்து வந்து பத்துக்குப் பத்து அறையில் முடங்கும் இளைஞர்களைப் பற்றியும் எழுத வேறொருவர் வர வேண்டும். நான் அறிந்த பெரியவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நெடுநாள் தனிமை உடலை ஓயாத விழிப்பு நிலையில் வைக்கிறது. உறக்கம் துண்டு துண்டாகிறது, மன அழுத்தச் சுரப்பிகள் அடங்குவதில்லை, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உடலுக்குள் அழற்சி நீடிக்கிறது என்று மருத்துவர்கள் விளக்குவார்கள். அதைவிட எளிய வழிகளிலும் தனிமை கொல்கிறது. அவற்றைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை, அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தால் போதும். ஒற்றை ஆளுக்கு யாரும் கூட்டும் பொரியலும் வைப்பதில்லை. காலையில் வடித்த சோறு இரவு வரை வரும்; தொட்டுக்கொள்ள ஊறுகாய். இரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு நாம் வந்துவிடுகிறோம். பகலில் பசியில்லை என்று சாப்பிடாமலே விட்டுவிட்டு, நர்சம்மா சொன்னார் என்பதற்காகக் கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்ளும் கிழவிக்கு மாலையில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும்போது, ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. பாதத்தின் அடியில் முள் குத்திச் சீழ் வைத்ததைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லித் துண்டறிக்கை கொடுக்கிறோம். குனிய முடியாத முழங்காலும் புரை விழுந்த கண்ணும் உள்ளவருக்கு அந்தப் பாதத்தைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்கிறார்கள். இரவு எட்டு மணிக்குக் கை கால் விழுந்தவரைக் காலையில் பால்காரர் வந்துதான் பார்க்கிறார் என்றால், அரசு மருத்துவமனையில் அந்த ஊசி இருந்தும் இல்லாததுதான்.

நான் அறிந்த ஓர் அம்மாயியைப் பற்றிச் சொல்கிறேன். ஊரிலிருந்து விலகிய தோட்டத்து வீடு; கணவர் இறந்து பல ஆண்டுகள்; மகள் கட்டிக்கொடுத்த ஊரில், மகன் வெளிநாட்டில். எல்லா மாதமும் மாத்திரை போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பதிவு இருக்கிறது. அழுத்தமோ குறையவில்லை. அதனால் மருந்தின் அளவைக் கூட்டினார்கள், அப்போதும் குறையவில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த மஞ்சள் பையை எடுத்துப் பார்த்தால், பிரிக்காத மாத்திரை அட்டைகள் ரப்பர் பட்டை போட்டு மாதவாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “மாத்திரையத் தின்னுபோட்டு நான் ஆரைப் பாக்கோணும் கண்ணு? நீ குடுக்கறயேன்னு வாங்கி வெக்கறன். வேண்டாம்னா நீ வரமாண்டீல்ல.” மாத்திரையை அவர் மறுக்காததற்குக் காரணம், அதைக் கொண்டுவரும் ஆள். நம் பதிவேட்டில் அது மருந்து வழங்கல் நூறு விழுக்காடு என்று ஏறுகிறது.

தன்னார்வலர் மீது தவறில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு, இத்தனை பதிவு என்று இலக்கு இருக்கும்போது, திண்ணையில் பத்து நிமிடம் உட்காருவது அவருக்குப் பத்து நிமிட நட்டம். அவர் பதிவுசெய்யும் கைபேசிச் செயலியில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. கட்டம் இல்லாத வேலை வேலையாகவே கருதப்படாது என்பதை, எங்கள் காலத்துத் தடிமனான பதிவேடுகளை எழுதித் தேய்ந்த எல்லாச் செவிலியர்களும் அறிவார்கள்.

யாரைக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். தனியாக வசிப்பவர் எல்லோரும் தனிமையில் இருப்பதில்லை. மகன் வீட்டில் இருப்பவர் எல்லோருக்கும் துணை இருப்பதுமில்லை. விடிகாலையில் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பும் வீட்டில், சாப்பாட்டுத் தட்டு மட்டும் வந்து போகும் அறையில் இருக்கும் தாய் எந்தக் கணக்கெடுப்பிலும் தனித்து வாழ்பவராக வரமாட்டார். காது மந்தமானவர் கூட்டத்துக்கு நடுவிலும் தனியர்தான். இரண்டு முறை ‘என்ன, என்ன’ என்று கேட்டுவிட்டு மூன்றாம் முறை சிரித்து வைப்பார், பிறகு அந்தப் பக்கமே வரமாட்டார். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் மறதிநோய் ஆணையம் தடுக்கக்கூடிய காரணங்களாக எண்ணிய பதினான்கில் காது கேளாமையும் உண்டு, சமூகத்தோடு தொடர்பறுதலும் உண்டு. ஊரில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே ஆளிடம்தான் இருக்கும். சிறுநீரை அடக்க முடியாத பெண்கள் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாத எந்த இடத்துக்கும் வருவதில்லை. கல்யாண மண்டபம், கோயில், உறவினர் வீட்டு விசேஷம் என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள். அதை வெளியில் சொல்வதும் இல்லை. கணவரை இழந்த பெண்ணைச் சீர் செய்யும் இடத்தில் பின்னுக்கு நிறுத்தும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. அவரைத் தனிமைப்படுத்தியது முதுமை அன்று, நாம்தான். ஆண்கள் கதை வேறு. உறவுகளை எல்லாம் கட்டிக்காத்தவர் மனைவிதான். அவர் போனபின் டீக்கடை பெஞ்சு மட்டும் மிஞ்சும், முழங்கால் வலி வந்தால் அதுவும் போய்விடும்.

அரசுத் திட்டங்களும் இந்தக் கணக்கில் சேர்பவை. ஒரு காலத்தில் முதியோர் ஓய்வூதியம் மணியார்டரில் வரும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து கைநாட்டு வாங்கி, பணத்தை எண்ணிக் கொடுத்து, மகன் கடிதம் போட்டானா என்று கேட்டுவிட்டுப் போவார். அதில் முறைகேடுகளும் இருந்தன, வங்கிக் கணக்குக்கு மாற்றியது சரியே. ஆனால் மாதம் ஒருமுறை வாசலுக்கு வந்துகொண்டிருந்த மனிதர் அதோடு போய்விட்டார் என்பதை எந்தக் கோப்பும் குறித்துக்கொள்ளவில்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயது முதிர்ந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேசன் பொருட்கள் வீட்டுக்கே வருகின்றன. நடக்க இயலாதவருக்கு அது பெரும் உதவி. தட்டுத் தடுமாறியாவது நடந்து போய், வரிசையில் நின்று, நாலு பேர் பாடு கேட்டு வந்துகொண்டிருந்தவருக்கு, ஊரைப் பார்க்க இருந்த ஒரு காரணம் அதனால் குறைகிறது. இரண்டும் உண்மை. எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் வெளியே வர என்ன காரணம் மிஞ்சும் என்ற கேள்வியைத் திட்டம் போடும் மேசையில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அந்த ஒருவர் நம் துறையைச் சேர்ந்தவராக இருப்பதே பொருத்தம்.

மறுபுறம், தனிமையைப் போக்குவது என்று பெயர் வைக்காமலே அதைச் செய்துவரும் திட்டங்களும் இருக்கின்றன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபின், பஸ் காசுக்கு மகனிடம் கை நீட்டத் தேவையில்லாமல் மகள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் போய்வரும் வயதான பெண்களை எந்தப் பேருந்திலும் பார்க்கலாம். மாத்திரை செய்யாததை அந்தப் பயணம் செய்கிறது என்று நான் சொன்னால் மருத்துவர்கள் சிரிக்கலாம்; அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். நூறு நாள் வேலைக்கு வரும் எழுபது வயதுப் பெண்களைப் பார்த்து, இவர்கள் என்ன மண்ணை வெட்டப் போகிறார்கள் என்று கேலி பேசுபவர்கள் உண்டு. கூலிக்காக வருகிறார்கள் என்பது முதல் உண்மை. வேப்பமர நிழலில் சோற்றுப் போசியைத் திறந்து, குழம்பை மாற்றிக்கொண்டு சாப்பிடும் அந்த அரைமணி நேரத்துக்காகவும் வருகிறார்கள் என்பது இரண்டாவது. வேலை நிறுத்தப்பட்ட மாதங்களில் தூக்கம் வரவில்லை, உடம்பு கொதிக்கிறது என்று துணை சுகாதார நிலையத்துக்கு வருவோர் கூடுவதை நாங்கள் கவனித்திருக்கிறோம். இதற்குப் புள்ளிவிவரம் கேட்டால் என்னிடம் இல்லை. சேகரித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சத்துணவு மையங்களையும் இங்கே சொல்ல வேண்டும். முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் மையத்தில் மதிய உணவு உண்ணலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. மையத்தில் சாப்பிடுபவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ என்பது விதி. பெரும்பாலோர் 4 கிலோவை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். தட்டேந்திக் குழந்தைகளுக்குப் பின்னால் நிற்பது மானக்கேடாகத் தோன்றுவதும் அதற்கு ஒரு காரணம். வாரத்தில் இரண்டு நாளாவது பெரியவர்களுக்கென்று பாய் விரித்து, பந்தி போல உட்காரவைத்துப் பரிமாறினால் வருவார்களா மாட்டார்களா என்பதை ஓர் ஒன்றியத்தில் செய்து பார்க்கச் செலவு அதிகம் ஆகாது. அரிசி ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

தனிமை ஒருவரின் உடம்போடு நிற்பதில்லை, ஊரையும் பாதிக்கிறது. 1995 ஜூலையில் சிகாகோ நகரில் வீசிய வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் தனியாக வசித்தவர்களும் வீட்டைவிட்டு வெளியே வராதவர்களும் மிகுதி என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எரிக் கிளைனன்பர்க் என்ற சமூகவியலாளர் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டார்: இரண்டிலும் தனித்து வாழும் முதியோர் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தும், கடைகளும் நடமாட்டமும் நிறைந்த தெருக்கள் உள்ள பகுதியில் இறப்பு மிகக் குறைவு, கடைகள் மூடி மனைகள் பாழ்விழுந்த பகுதியில் பல மடங்கு கூடுதல். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. இறந்தபின் தரும் நிவாரணத் தொகை ஒருபுறம் இருக்கட்டும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் தனியாட்கள் யார் யார் என்று துணை சுகாதார நிலையத்துக்குத் தெரியுமா? எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024, 2025ஆம் ஆண்டுகளில் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தோட்டத்து வீடுகளில் தனித்திருந்த முதியவர்கள் கொலையுண்ட நிகழ்வுகளுக்குப் பின், காவல்துறை ரோந்தைக் கூட்டியது, கேமரா பொருத்தச் சொன்னது. கேமரா வேண்டியதுதான். முன்பு அந்த வீடுகளுக்குக் காவலாக இருந்தது, பொழுது விடிந்ததும் புகை வரவில்லையே என்று எட்டிப் பார்த்த பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவரும் இன்று ஊருக்குள் மாடி வீடு கட்டிப் போய்விட்டார்.

பேச்சுத்துணையை மருத்துவத்தின் பகுதியாக்க முடியுமா என்ற ஐயத்துக்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. பணமும் மருத்துவர்களும் நம்மைவிடக் குறைவாக உள்ள ஜிம்பாப்வேயில், டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ஊர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்து, சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சில் உட்காரவைத்தார். வருபவரின் குறையைக் கேட்டு, ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, அதைத் தீர்க்க வழி தேட உடனிருப்பதே அவர்களின் வேலை. அந்த முறையை முறைப்படி சோதித்த ஆய்வு 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெஞ்சுக்கு வந்தவர்களிடம் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்திருந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கோவாவைப் பார்க்கலாம். அங்கே ஆரம்ப சுகாதார மையங்களில், சற்றே மனம் தளர்ந்திருந்த 60 வயதைக் கடந்த 181 பேரிடம் நடந்த ஆய்வில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அவர்களோடு பேசினார்கள், உறக்கத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் வழி சொன்னார்கள், அரசு உதவிகளைப் பெறத் துணை நின்றார்கள். ஓராண்டில் கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் அவர்களில் 4.4 விழுக்காடு, அந்த உதவி கிடைக்காதவர்களில் 14.4 விழுக்காடு. 2019இல் வெளியான முடிவு இது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைக்கென்றே அமைச்சர்களை நியமித்தன. அமைச்சரெல்லாம் நான் கேட்கவில்லை. நமக்கு ஏற்கெனவே வீடு வீடாகப் போகும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இல்லாத அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்கிறேன்.

நடைமுறைக்கு வருவோம். தனிமையை அளக்க உலகெங்கும் பயன்படும் மூன்று கேள்விகள் கொண்ட சிறு வினாநிரல் உண்டு. அதை அப்படியே பெயர்த்துக் கேட்டால் நம் ஊரில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். எனக்கென்ன குறை, மகன் ராசாவாட்டம் பார்த்துக்கொள்கிறான் என்றுதான் பதில் வரும். நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள், கடைசியாக யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், நடு இரவில் நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டால் மறைக்க ஒன்றுமிருக்காது. இவற்றை உளவியல் துறையினரின் உதவியோடு செப்பம் செய்து, இரண்டு மூன்று மாவட்டங்களில் சோதித்த பிறகு செயலியில் சேர்க்கலாம். மாதந்தோறும் கேட்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். கேட்பதற்கும் உட்கார்ந்து பேசுவதற்கும் ஆகும் நேரத்தைத் தன்னார்வலரின் இலக்கில் கழித்துக்கொள்ள வேண்டும், அதற்கான ஊக்கத்தொகையும் தனியே தர வேண்டும். ஏற்கெனவே குறைந்த ஊக்கத்தொகைக்கு நிறைய வேலை செய்யும் பெண்களின் தலையில், பாசம் காட்டுவதையும் இலவசமாக ஏற்றுவது நியாயம் ஆகாது.

பதில் கவலை தருவதாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் கடினமான பகுதி. அனுப்புவதற்கு ஓர் இடம் இல்லாமல் கேள்வி மட்டும் கேட்பது கொடுமை. முதியோர் பகல்பொழுதைச் சேர்ந்து கழிக்க, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 25 அன்புச்சோலை மையங்களை அரசு அறிவித்தது. நல்ல தொடக்கம், ஆனால் நகரத்துக்கு வந்துபோக முடிந்தவர்களுக்கே அவை பயன்படும். கோவையைச் சுற்றியுள்ள முதியோர் குடியிருப்புகளில், பணம் உள்ளவர்கள் பேச்சுத்துணையையும் சேர்த்தே விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு நான் முன்வைப்பது துணை சுகாதார நிலையத்தைத்தான். கிராமத்தில் கூடுவதற்குக் கோயில் மண்டபமும் சாவடியும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை எல்லோருக்கும் ஒன்றுபோலத் திறந்திருப்பவை அல்ல என்பதை அந்த ஊர்களில் வேலை பார்த்த யாரும் அறிவார்கள். காலனியிலிருந்தும் ஊரிலிருந்தும் ஒரே பெஞ்சில் வந்து உட்காரும் இடம், கூச்சம் இல்லாமல் சொன்னால், அங்கன்வாடியும் எங்கள் துணை நிலையமும்தான். மாதத்தில் ஒரு நாள் மாத்திரையை, நடக்க முடிந்தவர்களுக்கு மட்டும், வீட்டில் கொடுக்காமல் அங்கே வரச்சொல்லிக் கொடுக்கலாம். வரும்போது சுண்டலும் டீயும் இருக்கட்டும், உட்கார நாற்காலியும் மேற்கத்திய வகைக் கழிப்பறையும் கட்டாயம் இருக்கட்டும், காது பார்ப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரட்டும். பாதத்தை ஒருவருக்கு ஒருவர் பார்த்துச் சொல்லவும் அங்கேயே பழக்கிவிடலாம்.

ஜிம்பாப்வேயைப் போல அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து குறை கேட்க ஆள் தேட வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்கள் எல்லா ஒன்றியங்களிலும் இருக்கிறோம். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு எந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை எங்களுக்குத் தெரியும். பயிற்சி கொடுத்து, போக்குவரத்துச் செலவை ஏற்றுக்கொண்டால் வருவதற்கு எங்களில் பலர் அணியமாக இருக்கிறோம். சொல்லப்போனால், ஓய்வு பெற்ற எங்களுக்கும் அந்தப் பெஞ்சு தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தனித்திருக்கும் முதியவர்களின் பட்டியல் திருடர்களுக்கும் பயன்படக்கூடிய பட்டியல். எங்கள் மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அது துணை நிலையத்துச் சுவரில் ஒட்டப்படவோ, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவோ கூடாது. பகுதிச் செவிலியரும் தன்னார்வலரும் மருத்துவ அலுவலரும் மட்டுமே பார்க்கும்படி செயலிக்குள் பூட்டப்பட வேண்டும். வெப்ப அலை, புயல் எச்சரிக்கை நாட்களில் மட்டும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களைக் காலையும் மாலையும் ஒருவர் நேரில் பார்த்துவிட்டு வரும் பொறுப்பை முன்கூட்டியே பெயர் போட்டுப் பிரித்து வைக்கலாம். விருப்பமில்லை என்று சொல்பவரின் பெயரைச் சேர்க்கக் கூடாது. தனியாக இருக்கவே விரும்புகிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னவர்களில் சிலர் நல்ல உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழ்வதையும் பார்த்திருக்கிறேன்.

வரும் கோடைக்கு முன்பே, தோட்டத்து வீடுகள் மிகுந்த ஓர் ஒன்றியத்தையும், நகரின் ஒரு வார்டையும் தேர்ந்து இதைத் தொடங்கலாம். ஓராண்டு முடிந்ததும் மூன்றை மட்டும் அளந்து பாருங்கள்: இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்போர் எத்தனை பேர், பிரிக்காத மாத்திரை அட்டைகள் எத்தனை, மருத்துவமனைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர். இவை குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை என்றால் திட்டத்தைக் கைவிடுங்கள், வருத்தப்படமாட்டேன். செயலியில் சேர்க்க வேண்டிய கேள்விகளின் வரைவையும், துணை நிலையக் கூடுகை நாளுக்கான செலவுக் கணக்கையும் எங்கள் ஓய்வு பெற்ற செவிலியர்கள் சிலர் சேர்ந்து எழுதி வைத்திருக்கிறோம். கேட்டு ஒரு வரி எழுதினால் மாவட்டச் சுகாதார அலுவலர் வழியாக அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்